லண்டன் மியூசிக்கல்: அம்மாவுக்கு எது சரிப்படும்?

அடுத்த மாதம் அம்மா லண்டன் வருகிறார். நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் ஒரு மியூசிக்கலுக்கு (பாட்டு நாடகத்துக்கு) கூட்டிப்போக ஆசை. நான் எப்போதாவது பார்க்கிற ஆள்தான். என் வரிசையில் முதலிடம் லே மிசராபிளுக்கு. 1985-இல் லண்டனுக்கு வந்தது, இன்னும் ஓடுகிறது. ஆனால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், வசனமே பாட்டாகத்தான் வரும். அடுத்து ஹாமில்டன். எனக்கு உயிர், ஆனால் ராப் பாட்டு வேகத்தில் அமெரிக்க வரலாறு அம்மாவுக்குப் பிடிபடாது. ஃபான்டம் ஆஃப் தி ஓபரா மூன்றாவது, சரவிளக்கு விழுவதைத் தவிர கொஞ்சம் இழுவை (சண்டைக்கு வராதீர்கள்). லயன் கிங் எனக்குக் கடைசி. ஆனால் தொடக்கத்தில் விலங்குகள் பார்வையாளர்களுக்கு நடுவே நடந்து வருவதை ரசிக்க ஆங்கிலம் வேண்டாமே!

பெற்றோரை அழைத்துப் போனவர்கள் சொல்லுங்கள்: லயன் கிங்கா, இன்னொரு மியூசிக்கலான விக்கெடா? லயன் கிங் நடக்கும் லைசியம் தியேட்டரில் மாடி இருக்கையிலிருந்து அந்த ஊர்வலம் தெரியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, படிகள் எப்படி?