இரண்டு ஏக்கர் மானாவாரிச் செம்மண்: முதலில் செய்ய வேண்டியது எது?

மேட்டுக்காடு, உசிலம்பட்டி:
அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் நிலம் உள்ளது. மேற்கிலிருந்து கிழக்காக லேசான சரிவு. மாசிக்குப் பிறகு கிணற்றில் தண்ணீர் நிற்பதில்லை. 1978-இல் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் முன்வைத்த, இயற்கையின் போக்கைப் பின்பற்றி நிலத்தை வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையைப் படித்ததிலிருந்து, உரமும் மருந்தும் வாங்காமல் குடும்பத்துக்கு வேண்டியதை அந்நிலத்திலேயே விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. இந்த ஆவணியிலேயே மா, கொய்யா, நெல்லிக் கன்றுகளை நட்டுவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பேரையூர் விவசாயி:
இந்த ஆண்டு கன்று நட வேண்டாம் என்பதே என் கருத்து. ஹோம்கிரென் பின்னாளில் தொகுத்த 12 கோட்பாடுகளில் முதலாவது, நிலத்தைக் கூர்ந்து கவனித்து அதனோடு இயைந்து செயல்படுவது. ஐப்பசி, கார்த்திகை மழையின்போது நிலத்தில் நின்று, தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர்; ஓர் இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் உங்கள் இரண்டு ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் பெரும்பகுதி விடிவதற்குள் ஓடைக்குப் போய்விடுகிறது என்றால், நீங்கள் எந்தக் கன்றை நட்டாலும் கோடையில் குடம் சுமந்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பார்த்து முடித்தபின், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு, சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் சமமட்டக் கோடுகளைக் குறித்து, அக்கோட்டிலேயே ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மரங்களின் இடம் அந்த வரப்பை ஒட்டித்தான்.

கரிசல்காடு, திருமங்கலம்:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். நம் கண்மாய்கள் எல்லாவற்றுக்கும் கலுங்கு, அதாவது மிகுதி நீர் வழிந்து வெளியேறும் அமைப்பு, உண்டு. ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் போய்ச் சேரும். உங்கள் வாய்க்காலுக்கும் கல் பதித்த ஒரு கலுங்கு வையுங்கள். இல்லையென்றால், பெருமழையில் மேல் வரப்பு உடைந்து, அந்த வெள்ளமே கீழுள்ள வரப்புகளையும் அடித்துச் சென்றுவிடும். மேலும், இதை வாசிக்கும் கரிசல் நிலத்தார் அப்படியே பின்பற்ற வேண்டாம். செம்மண் தண்ணீரை விரைவாக உள்ளே விடும். கரிசலிலோ அது நாள்கணக்கில் நின்று வேரை அழுகச் செய்யும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து எல்லா மண்ணிலும் ஒரே அளவில் வாய்க்கால் வெட்டுவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

மேலூர் வாசகர்:
ஓர் ஆண்டு காத்திருப்பதை வீண் என்று எண்ணிவிடாதீர்கள், ஏனெனில் கன்று நட்டபின், எருவுக்காக ஆடுகளை இரவில் நிலத்தில் அடைக்கும் ஆட்டுக்கிடை போட முடியாது. ஆடுகள் துளிரை விட்டுவைக்காது. மழையோடு கொள்ளும் துவரையும் விதைத்து, அறுவடை முடிந்ததும் கிடை போடும் கீதாரிகளிடம் பேசி, வரப்புகளுக்கு இடைப்பட்ட நிலம் முழுவதும் ஆடுகளைச் சில இரவுகள் மாற்றி மாற்றி அடையச் செய்யுங்கள். உரம் மூட்டையில் வர வேண்டியதே இல்லை.

வேலிக்குக் கம்பி வாங்காமல் கிளுவைப் போத்துகளை ஊன்றலாம். மேற்கு எல்லையில் வேம்பும் புங்கனும் நெருக்கமாக இருக்கட்டும். மழையில்லாத ஆனி, ஆடிக் காற்று நம் பக்கத்தில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், பழமரங்களுக்கு அந்தத் தடுப்பு மிகவும் வேண்டும். நடும்போது ஒவ்வொரு பழக்கன்றின் அருகிலும் ஓர் அகத்தியோ கிளைரிசிடியாவோ வைத்து, அவ்வப்போது வெட்டித் தழையை மூடாக்காகப் போடுங்கள். செம்மண்ணில் கரையான் அதிகம். ஆகவே மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.