கோல்ஹானில் நிலத் தகராறு: ஊர் முண்டாவா, கோர்ட்டா?

வரப்போரம்:
ஜார்க்கண்டின் கோல்ஹான் பகுதியில், மேற்கு சிங்பூம் பக்கம், ஹோ பழங்குடியினர் ஊர்களில் வரப்புச் சண்டை வந்தால் முதலில் முண்டாவிடம்தான் போவார்கள். அவர் ஊர்த் தலைவர். நிலவரி வசூலிப்பவரும் அவரே. பல ஊர்களுக்கு மேலே ஒரு மானகி. 1837-இல் வில்கின்சன் விதிகள் மூலம் வெள்ளைக்கார அரசே இதை ஏற்றுக்கொண்டது, இன்னும் நடக்கிறது. காட்டைத் திருத்தி வயலாக்கியது யாருடைய முன்னோர் என்று ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வக்கீல் ஃபீஸ் கிடையாது, வாய்தா கிடையாது. இதற்குள் கோர்ட் எதற்கு?

செங்காந்தள்:
அந்த விசாரணையில் உட்கார்ந்திருப்பது யார் என்பதையும் சொல்லுங்கள் அண்ணா. பெரும்பாலும் ஆண்கள்தான். ஹோ வழக்கப்படி நிலம் ஆண் வழியில்தான் போகும். விதவை ஒருத்தி கொழுந்தன்மார் மேல் புகார் சொன்னால், கேட்பவர்களும் அதே வகையறா ஆட்களாக இருப்பார்கள். இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 தீர்ப்பு அந்த வழக்கத்தை ரத்து செய்யவில்லை; நிலத்தை நம்பிப் பிழைக்கும் பெண்ணை வெளியேற்றக் கூடாது என்ற அளவில் நின்றது. அந்த அளவுக்குக்கூட ஊர்க் கூட்டம் தானாக வரவில்லையே! நிலத்தைப் பிடுங்குவதற்காகவே விதவையைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்து விரட்டுவதும் அங்கே நடக்கிறது. அதைத் தடுக்கத் தனிச் சட்டமே இருக்கிறது.

இலுப்பை:
கோர்ட்டை நம்பி அந்த மக்கள் பட்டதையும் பாருங்கள். ஊர்த் தலைவரைச் சொல்லும் முண்டா வேறு, முண்டா என்ற பழங்குடி வேறு; அந்தப் பழங்குடியினருக்கு முன்னோரைப் புதைத்த இடத்தில் நட்ட கல்தான், சசந்திரிதான், பட்டா. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கற்களைக் கல்கத்தாவுக்கே சுமந்துபோய்க் காட்டினார்கள் என்று சொல்வார்கள். காகிதம் வைத்திருந்த வெளியாட்களுக்கே நிலம் போனது. அந்தப் பழங்குடியின் தலைவர் பிர்சா முண்டாவின் கிளர்ச்சிக்குப் பிறகுதான், பழங்குடி நிலம் வெளியாட்களுக்குப் போவதைத் தடுக்கும் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908-இல் வந்தது.

வரப்போரம்:
அதேதான். அந்தச் சட்டத்தைத் தளர்த்த 2016-இல் கொண்டுவந்த மசோதாவை, ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2017-இல் அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு திருப்பி அனுப்பினார். வழக்கத்தில் ஓர் ஓட்டை போட்டால் சுரங்கக்காரன் அதன் வழியாகவே நுழைவான், செங்காந்தள்.

செங்காந்தள்:
வெளியாளைத் தடுப்பது வேறு, வீட்டுப் பெண்ணுக்குப் பங்கு கொடுப்பது வேறு. இரண்டையும் ஏன் ஒன்றாக முடிச்சுப் போடுகிறீர்கள்? மகளுக்குப் பங்கு கொடுத்தாலும் நிலம் பழங்குடியினர் கையில்தானே இருக்கும்? 2025 ஜூலையில் சத்தீஸ்கர் கோண்டு குடும்பத்து வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் இருப்பதாக நிரூபிக்காதபோது சம பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

வரப்போரம்:
சரி, ஆனால் அவள் மாவட்டத் தலைநகர் சாய்பாசாவில் இருக்கும் கோர்ட்டுக்கு பஸ் ஏறி, கூலியை விட்டு, வருஷக்கணக்கில் அலையணும். அதற்கு என்ன வழி?

செங்காந்தள்:
அலைய வேண்டாம், விசாரணை ஊரிலேயே நடக்கட்டும். பெண் ஒரு தரப்பாக இருந்தால் வேறு வட்டார மானகி வந்து கேட்கட்டும், கூடவே பெண்களும் உட்காரட்டும். தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் ஒரு நகல் கொடுக்கட்டும். வாய்வார்த்தைத் தீர்ப்பை எதிர்த்து அவள் எங்கே அப்பீல் போவாள்?