அரசைக் கேள்வி கேட்டால் தேசத்துரோகமா? கூடங்குளம் வழக்குகளை முன்வைத்து

கடலோரவாசி:
"இந்த நாட்டு உப்பைத் தின்றுகொண்டு அரசுக்கு எதிராகப் பேசுகிறவன் துரோகி" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் அதை ஃபார்வர்ட் செய்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். 2011, 2012ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து, பக்கத்து ஊரான இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவான 124ஏ பாய்ந்தது. நாட்டின் மீது போர் தொடுத்ததாகச் சொல்லும் 121ம் பாய்ந்தது. பீடி சுற்றுகிற பெண்களும் வலை பின்னுகிற கிழவர்களும் இந்தியா மீது போர் தொடுத்தார்களாம்.

எஃப்.ஐ.ஆர். எப்படி இருந்தது தெரியுமா? பெயர் தெரிந்த சிலர், அப்புறம் "மற்றும் ஆயிரக்கணக்கானோர்". அந்த ஆயிரத்தில் யாரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். வளைகுடா வேலைக்குப் போக பாஸ்போர்ட் கேட்ட பையன்கள் போலீஸ் விசாரணையில் சிக்கினார்கள். உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் "இது பாதுகாப்பானதா?" என்று கேட்டது துரோகமா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் 2012ல் தமிழ்நாடு எப்படிக் கிடந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. சென்னையைத் தாண்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கோயம்புத்தூரில் பட்டறைகள் மூடிக்கிடந்தன, பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்தார்கள். அந்த நேரத்தில் 1000 மெகாவாட் உலையை ஓடவிடாமல் மறித்தால் நாட்டுக்கு நஷ்டமா இல்லையா? போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்காவை மையமாகக் கொண்ட தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே 2012 பிப்ரவரியில் பேட்டியில் சொன்னார். ஒரு பிரதமர் சும்மா சொல்வாரா?

இன்னொன்று. 1962ல் சீனா எல்லை தாண்டியபோது அண்ணா என்ன செய்தார்? தனிநாடு கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அரசுக்குத் துணை நின்றார். நாட்டுக்கு நெருக்கடி வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும்.

தாமிரபரணி:
ஐயா, உப்பு என்றதும் எனக்கு வேதாரண்யம்தான் ஞாபகம் வருகிறது. 1930ல் ராஜாஜியும் தொண்டர்களும் அங்கே உப்பு அள்ளியதற்கு ஜெயிலுக்குப் போனார்கள். உப்பு அரசாங்கத்துடையது என்று அன்றைக்கும் சொன்னார்கள்.

இன்னும் பக்கத்தில் வருவோம். இதே திருநெல்வேலியில் 1908ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது இதே 124ஏவை வைத்துத்தான். அவரைக் கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுக்க வைத்த சட்டப்பிரிவு, சுதந்திர இந்தியாவில் அதே மாவட்டத்து மீனவர்கள் மீது வந்திருக்கிறது.

ஹவில்தார் (ஓய்வு):
வ.உ.சி. எதிர்த்தது வெள்ளைக்காரனை. நாம் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த அரசை அதோடு ஒப்பிடுவது அவருக்கே மரியாதை இல்லை. பிடிக்காவிட்டால் ஐந்து வருடம் கழித்து மாற்றலாம், வெள்ளைக்காரனை அப்படி மாற்ற முடிந்ததா? அதுவும் தவிர, 2012 செப்டம்பரில் படகுகளைக் கொண்டுபோய் தூத்துக்குடி துறைமுகத்தை மறித்தார்களே, அது கேள்வியா? நாடாளுமன்றத்தில் கேட்பது வேறு, துறைமுகத்தை முடக்குவது வேறு.

சட்டம் படிப்பவள்:
ஹவில்தார் ஐயா, துறைமுகத்தை மறித்தது தவறு என்றால் சட்டவிரோதமாகக் கூடியதற்கும் தடையுத்தரவை மீறியதற்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன, அதில் வழக்குப் போடட்டும். 124ஏ எப்போது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1962லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது: வன்முறையைத் தூண்டவோ பொது அமைதியைக் குலைக்கவோ முனைந்தால்தான். அரசின் நடவடிக்கையைக் கடுமையான வார்த்தையில் விமர்சிப்பது அதில் வராது. கூடங்குளம் வழக்கில் அதே நீதிமன்றத்தின் 2013 மே மாதத் தீர்ப்பைப் பாருங்கள். உலை ஓடலாம் என்று சொன்ன அதே தீர்ப்பு, போராடியவர்கள் மீதுள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. துரோகிகள் என்று நினைத்திருந்தால் நீதிபதிகள் அப்படி எழுதுவார்களா?

1962 பற்றிச் சொன்னீர்கள். அண்ணா செய்தது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே போர் நடந்துகொண்டிருக்கும்போதே, நவம்பரில், நாடாளுமன்றம் கூடியது. கூட்டச்சொல்லிக் கேட்டவர்களில் வாஜ்பாயி ஒருவர். நேரு முன்னால் உட்கார்ந்திருக்க அரசைக் கேள்வி கேட்டார்கள். காங்கிரஸ் எம்.பி.க்களே நெருக்கியதில், போர் முடியும் முன்பே, பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அமைச்சரவையை விட்டுப் போக வேண்டி வந்தது. பனிமலையில் சரியான குளிர் உடுப்பு இல்லாமல் சிப்பாயை நிறுத்தினார்களே, அந்தச் சிப்பாய்க்காகக் கேட்டவர்களை யாராவது துரோகி என்றார்களா? ராணுவத்தில் இருந்த உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கடலோரவாசி:
ஐயா சொன்ன "ஓட்டுப் போட்ட அரசு" விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

2011 செப்டம்பரில் தமிழக அமைச்சரவையே ஒரு தீர்மானம் போட்டது. மக்களின் அச்சம் தீரும் வரை கூடங்குளம் வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்று. பந்தலில் இருந்தவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் சங்கரன்கோவில் இடைத்தேர்தல் வந்தது. 2012 மார்ச் 18 வாக்குப்பதிவு. மறுநாள், 19ஆம் தேதி, வேலையை உடனே தொடங்கலாம் என்று அதே அமைச்சரவை முடிவெடுத்தது. சாலைகளில் போலீஸ் இறங்கியது. மக்கள் கோரிக்கை ஒரு வரிகூட மாறவில்லை. அமைச்சரவைத் தீர்மானத்தில் இருந்தபோது நியாயமாக இருந்த கோரிக்கை, மீனவன் வாயில் இருந்தால் மட்டும் எப்படித் துரோகம் ஆகும்? வாக்குப்பதிவுத் தேதியைப் பார்த்து மாறுகிற அரசின் நிலைப்பாட்டை நாட்டுப்பற்றுக்கு அளவுகோலாக வைத்தால், மார்ச் 18 வரை தேசபக்தனாக இருந்தவன் 19ஆம் தேதி எழுந்திருக்கும்போது துரோகி. இதை எப்படி ஒத்துக்கொள்வது?

கட்சி பார்த்துப் பேசவில்லை. 2009ல் தி.மு.க. ஆட்சியில் பேசிய பேச்சுக்காக வைகோவுக்கு 2019ல் ஓராண்டு தண்டனை. 2015ல் அ.தி.மு.க. ஆட்சியில் டாஸ்மாக் கடைகளை எதிர்த்துப் பாடிய கோவன் மீது 124ஏ. டெல்லியில் காங்கிரஸ், பா.ஜ.க. எது இருந்தாலும் கதை இதுதான்.

ஹவில்தார் (ஓய்வு):
சங்கரன்கோவில் விஷயம் அரசியல்வாதிகளின் குணம். அதற்கு நாடு என்ன செய்யும்? 121ஐ மீனவப் பெண்கள் மீது போட்டதை நானும் ஏற்கவில்லை. போர் என்றால் என்னவென்று தெரிந்தவன் அந்தப் பிரிவில் கையெழுத்துப் போடமாட்டான். ஆனால் வெளிநாட்டுப் பணம் பற்றிய சந்தேகத்தை நீங்கள் யாரும் தொடவில்லை. அந்த ஐயம் இருக்கும்வரை அரசு கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உலையில் குறை இருந்தால் கண்டுபிடிக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகள் சரியாக வேலை செய்யவில்லை என்று சோதனையில் கண்டுபிடித்துச் சொன்னது அந்த வாரியம்தான், பந்தலில் இருந்தவர்கள் இல்லை.

சட்டம் படிப்பவள்:
பணத்துக்கு, வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் இருக்கிறது ஐயா. கணக்கைத் தணிக்கை செய்யட்டும், தப்பு இருந்தால் அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போடட்டும். அதற்காக ஊர் முழுக்க ஆயுள் தண்டனைப் பிரிவில் வைப்பார்களா? வால்வு குறையைக் கண்டுபிடித்தது வாரியம்தான், சரி. ஆனால் உதிரிப்பாகங்களின் தரம் பற்றி வெளியே ஆட்கள் சத்தம்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த அறிக்கை வந்தது.

என் கவலை இன்றைய சட்டம் பற்றியது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152 வந்துவிட்டது. பழையதில் ஆயுள் அல்லது மூன்று ஆண்டு வரை, இதில் ஆயுள் அல்லது ஏழு ஆண்டு வரை. கூடங்குளத்தில் நடந்தது நாளை வேறொரு ஊரில் நடந்தால் எஃப்.ஐ.ஆரில் அந்த எண் ஏறும்.

கடலோரவாசி:
ஹவில்தார் ஐயா, 121 பற்றி நீங்கள் சொன்னதற்கு நன்றி. மற்றதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்பது 2013 தீர்ப்போடு வந்த நிபந்தனை. முடிக்காமல் 2018ல் அவகாசம் கேட்டு, 2022 வரை வாங்கினார்கள். அந்தக் கழிவை எங்கே வைப்பது, எத்தனை காலம் வைப்பது என்று எங்கள் ஊர்க்காரர்கள் இனியும் கேட்பார்கள். ராதாபுரத்தில் இதற்காக எப்போது கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டாலும் நீங்களும் வாருங்கள் ஐயா. உங்களுக்குச் சரியென்று படுகிற கேள்வியை நீங்களே மைக்கில் கேளுங்கள்.