ஹிம் இசைக்குழுவின் 'டார்க் லைட்': உச்சமா, சறுக்கலா?

நள்ளிரவுச்சூரியன்:
ஃபின்லாந்து ராக் குழுவான ஹிம் 2005 செப்டம்பரில் வெளியிட்ட 'டார்க் லைட்' ஆல்பத்துக்கு இன்றுவரை ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவைப் பிடிப்பதற்காகத் தங்கள் சத்தத்தையே விற்றுவிட்டார்கள் என்று. இதைச் சொல்பவர்கள் வெளியாட்கள் இல்லை, ஹிம் ரசிகர்களேதான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பாடகர் வில்லே வாலோ அடிப்படையில் ட்யூன் போடுகிற ஆள். 1991-இல் ஹெல்சிங்கியில் பேஸ் வாசிக்கும் மிகே, கிட்டார் வாசிக்கும் லிண்டே இருவரோடும் சேர்ந்து குழுவைத் தொடங்கியபோது பிளாக் சபாத் மாதிரி கனமாக வாசிக்கும் ஆசை இருந்தது உண்மை. ஆனால் 1997-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே கிறிஸ் ஐசக்கின் 'விக்கெட் கேம்' பாடலை எடுத்துப் பாடியிருக்கிறார்கள். கனமான கிட்டாருக்கு நடுவிலும் அவர் தேடியது மனதில் ஒட்டிக்கொள்கிற ஒரு மெல்லிசைதான். அந்தத் தேடல் முழுசாகக் கைகூடியது 'டார்க் லைட்'டில் என்பது என் கட்சி. பத்துப் பாட்டு, ஒன்றில்கூட ட்யூன் தளரவில்லை. 'விங்ஸ் ஆஃப் எ பட்டர்ஃப்ளை' சுற்றி வளைக்காமல் கோரஸுக்கு வந்துவிடுகிறது, வந்தபின் நம்மை விடுவதில்லை. 'அண்டர் த ரோஸ்', 'பிஹைண்ட் த கிரிம்சன் டோர்' இரண்டையும் பற்றி யாரும் பேசுவதே இல்லை. இவற்றை வேறு எந்தக் குழு எழுதியிருந்தாலும் அவர்களுடைய சிறந்த பாடல் என்று கொண்டாடியிருப்பார்கள்.

மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மூன்றாவதுதந்தி:
காரணத்தோடுதான் வருகிறேன் நண்பரே. பதினைந்து வயதிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன், அதனால் என் காது முதலில் லிண்டேவிடம்தான் போகும்.

ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல ஹெட்போனில் 2003-இல் வந்த 'லவ் மெட்டல்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'பரீட் அலைவ் பை லவ்' ஆரம்பத்தைக் கேளுங்கள். உடனே 'டார்க் லைட்'டின் முதல் பாட்டு 'வேம்பயர் ஹார்ட்' ஆரம்பத்தைக் கேளுங்கள். முன்னதில் கிட்டார் நம் எதிரே நின்று அடிக்கிறது. கைவிளிம்பால் தந்தியை அமுக்கிப் பிடித்து வாசிப்பதும், பிக் உரசுவதும் காதில் விழுகிறது. பின்னதில் அதே லிண்டே பின்சுவருக்குப் போய்விட்டார். பர்ட்டனின் கீபோர்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. கிட்டாரை அடுக்கடுக்காகச் சேர்த்து வழவழவென்று ஆக்கியதில் யார் வாசிக்கிறார் என்பதே மறைந்துபோயிற்று.

லாஸ் ஏஞ்சலஸ் மலைமேல் பாரமவுர் என்ற பழைய மாளிகையில் எல்லோரும் தங்கி, டிம் பாமரைத் தயாரிப்பாளராக வைத்துச் செய்த ஆல்பம். ட்யூன்கள் நல்லவை என்பதில் எனக்குச் சண்டையில்லை. அந்த ட்யூன்களைத் தாங்கிப் பிடிக்கிற எலும்பு எங்கே என்பதுதான் என் கேள்வி.

நள்ளிரவுச்சூரியன்:
டிம் பாமர் பெயரை எடுத்ததற்கு நன்றி. 'லவ் மெட்டல்' ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர், அதாவது பதிவான சத்தங்களை ஒன்றாகச் சேர்த்தவர் யார்? அதே டிம் பாமர். நீங்கள் புகழ்கிற அந்தக் கிட்டார் எவ்வளவு சத்தத்தில், எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தவரே அவர்தான். ஒரே மனிதர் 2003-இல் காப்பாற்றினார், 2005-இல் கெடுத்தார் என்றால் எப்படி?

மூன்றாவதுதந்தி:
மிக்ஸிங் வேறு, தயாரிப்பு வேறு. 'லவ் மெட்டல்' பதிவானபோது தயாரிப்பாளர் ஹீலி ஹீலெஸ்மா. முதல் ஆல்பத்திலிருந்து இவர்களை அறிந்த ஃபின்லாந்துக்காரர். பலமுறை வாசித்துப் பதிவு செய்ததில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது, எங்கே கரடுமுரடாக விடுவது என்று ஒலிப்பதிவு அறையிலேயே முடிவாகிவிடுகிறது. அப்படி உறுதியாக நின்ற ஒன்று பாமர் கைக்குப் போனது, அவர் பளபளப்பு ஏற்றினார். இரண்டும் சேர்ந்து அழகாக அமைந்தது. 'டார்க் லைட்'டில் தொடக்கத்திலிருந்தே பாமர். பளபளப்புக்கு மேல் பளபளப்பு.

பாமரின் பாணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1991-இல் பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' ஆல்பத்தை மிக்ஸ் செய்தவர் அவர். அதில் எதிரொலி தூக்கல் என்று அந்தக் குழுவுக்கே வருத்தம் இருந்தது. 2009-இல் பிரெண்டன் ஓ'பிரையனை வைத்து முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். இது என் கற்பனை இல்லை.

கார்குழலி:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 'டென்' உதாரணத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் அண்ணா. கோடிக்கணக்கில் விற்று ஒரு தலைமுறையின் காதில் பதிந்தது பாமரின் மிக்ஸ்தான். 2009 பதிப்பைக் கேட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பியவர்கள் ஏராளம். அந்த எதிரொலியில் ஒரு பெரிய வெளி இருக்கிறது.

'டார்க் லைட்'டிலும் எனக்குப் பிடித்தது அந்த வெளிதான். நான் ஹிம்முக்கு வந்தது ஸ்கேட்போர்டு வீரர் பாம் மார்ஜெராவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாக. அவர் உடம்பிலும் பலகையிலும் எங்கும் ஹிம்மின் ஹார்ட்டகிராம் சின்னம், இதயமும் ஐங்கோண நட்சத்திரமும் பின்னியது. "டிவி பார்த்து வந்த கூட்டம்" என்று எங்களை மட்டம் தட்டுவது பல வருஷமாக நடக்கிறது. அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், இந்த ஆல்பத்தை நாங்கள் சின்னத்துக்காகக் கேட்கவில்லை, குரலுக்காகக் கேட்டோம்.

'கில்லிங் லோன்லினஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். சரணத்தில் வாலோ அடிக்குரலில், கிட்டத்தட்ட பேசுகிற மாதிரி பாடுகிறார். அந்தக் குரலின் கரகரப்பும் மூச்சும் ஒன்று விடாமல் கேட்கிறது. கோரஸில் மேலே ஏறும்போது பின்னால் அவர் குரலே இன்னொரு அடுக்காக வந்து சேர்கிறது. கிட்டார் முகத்துக்கு எதிரே நின்று அடித்திருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்குமா? கிட்டார் பின்னுக்குப் போனதால்தான் குரல் இவ்வளவு பக்கத்தில் வந்தது. 'ப்ளே டெட்' முழுவதும் அப்படித்தான். ஹிம் பாடிய மெதுவான பாட்டுகளில் எனக்கு முதலிடம் அதற்குத்தான்.

பழையகேசட்:
முதல் ஆல்பம் காலத்து ரசிகன் நான். ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன் அம்மா, யார் எந்த வழியாக வந்தார்கள் என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. விற்பனையிலும் குறை இல்லை. 'ஜாயின் மீ' ஜெர்மனியில் முதலிடம் பிடித்த பாட்டு. அது இடம்பெற்ற 'ரேசர்பிளேடு ரொமான்ஸ்' ஆல்பத்தை ஜான் ஃப்ரையர் பளிச்சென்றுதான் தயாரித்தார். அதை நான் தலையில் வைத்துக் கொண்டாடினேன்.

என் குறை வேறு. 'டார்க் லைட்'டில் எல்லாப் பாட்டும் ஒரே அச்சு. சரணம், கோரஸ், சரணம், கோரஸ், நடுவில் ஒரு சின்ன திருப்பம், மறுபடி கோரஸ். 'லவ் மெட்டல்' கடைசியில் 'த பாத்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு, மெதுவாக நகர்ந்து நகர்ந்து, பாட்டு எங்கே போகிறதென்றே தெரியாத ஒரு இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகும். அந்தத் துணிச்சல் இதில் எந்தப் பாட்டில் இருக்கிறது? பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால்தான் இனிப்பு எழும்பும். இதில் உப்பே போடவில்லை.

அப்புறம் ஒரு சாட்சி. 2017-இல் நடந்த விடைபெறும் சுற்றுப்பயணத்தில் அவர்கள் வாசித்த பட்டியலைப் பாருங்கள். 'லவ் மெட்டல்'லிலிருந்து நான்கு: 'பரீட் அலைவ்', 'சேக்ரமென்ட்', 'சோல் ஆன் ஃபயர்', 'ஃபியூனரல் ஆஃப் ஹார்ட்ஸ்'. முதல் ஆல்பத்திலிருந்தும் நான்கு. 'டார்க் லைட்'டிலிருந்து இரண்டே இரண்டு, அதுவும் சிங்கிளாக, தனிப்பாட்டாக வந்தவை. இருபத்தாறு வருஷக் கணக்கை முடிக்கும்போது எதை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள் என்பதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது.

நள்ளிரவுச்சூரியன்:
பட்டியல் சரிதான் ஐயா, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. விடைபெறும் கச்சேரி என்பது கூட்டம் சேர்ந்து பாடுவதற்கானது. ஆல்பங்களுக்கு மதிப்பெண் போட யாரும் அங்கே மேடை ஏறுவதில்லை. 'த பாத்' அந்தப் பட்டியலில் இல்லையே. அதனால் அது மோசமான பாட்டு என்று சொல்வீர்களா?

சாட்சி வேண்டுமென்றால் நானும் ஒன்று தருகிறேன். குழு பிரிந்தபின் வாலோ தனியாக, வி.வி. என்ற பெயரில், 2023 ஜனவரியில் 'நியான் நுவார்' ஆல்பத்தை வெளியிட்டார். ஹெல்சிங்கியில் வீட்டில் உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் அவரே வாசித்துப் பதிவு செய்தது. பக்கத்தில் குழு இல்லை, மாளிகையும் இல்லை. கடைசியில் மிக்ஸிங்குக்கு யாரிடம் கொடுத்தார்? டிம் பாமரிடம். 2013-இல் வந்த 'டியர்ஸ் ஆன் டேப்' மிக்ஸிங்கும் பாமர்தான். அந்தச் சத்தம் யாரோ அமெரிக்காவில் அவர் தலையில் கட்டியது இல்லை, அவரே திரும்பத் திரும்பத் தேடிப் போனது. ஒரு கலைஞன் தானாகத் தேர்ந்தெடுத்ததைச் சமரசம் என்று சொல்வது அநியாயம்.

மூன்றாவதுதந்தி:
சமரசம் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நோக்கத்தைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை, காதில் விழுவதைப் பற்றித்தான் பேசுகிறேன். நீங்கள் தந்த உதாரணம் எனக்குத்தான் உதவுகிறது. 'டியர்ஸ் ஆன் டேப்' தயாரிப்பாளர் யார்? மறுபடி ஹீலெஸ்மா. மிக்ஸிங் பாமர். 'லவ் மெட்டல்' கூட்டணியே திரும்ப வந்திருக்கிறது. பாமரின் கைக்கு எதிரே இழுத்துப் பிடிக்க இன்னொரு கை இருக்கும்போதெல்லாம் ஹிம் நன்றாக ஒலிக்கிறது.

2007-இல் வந்த 'வீனஸ் டூம்' இன்னும் பெரிய சாட்சி. அதே அமெரிக்க நிறுவனம், சயர். அதே பாமர், ஆனால் கூடவே ஹீலெஸ்மாவும் தயாரிப்பாளர். என்ன நடந்தது? கிட்டார் முன்னால் வந்தது. 'ஸ்லீப்வாக்கிங் பாஸ்ட் ஹோப்' என்று பத்து நிமிடப் பாட்டு ஒன்றை ஆல்பத்தின் நடுவில் தைரியமாக வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் குழுவே மறுபக்கம் திரும்பி நடந்திருக்கிறது. 'டார்க் லைட்'டில் ஏதோ குறைந்தது என்று அவர்களுக்கே தோன்றாமல் இது நடக்குமா? அமெரிக்கப் பட்டியலில் 'டார்க் லைட்' எட்டிய உச்சம் 18-ஆம் இடம். கனமான 'வீனஸ் டூம்' 12-ஆம் இடம். கனத்தைக் கண்டு அமெரிக்கா ஓடவில்லை.

கார்குழலி:
அந்த 12-ஆம் இடம் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா அண்ணா? முதல் வாரத்திலேயே கடைக்குப் போய் 'வீனஸ் டூம்' வாங்கியவர்கள் யார்? 'டார்க் லைட்' சேர்த்துவைத்த கூட்டம்தான். அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிக்குத் தருகிற தங்கத் தகடு கிடைத்த முதல் ஃபின்லாந்துக் குழு ஹிம், அதை வாங்கித் தந்தது 'டார்க் லைட்'. முதல் வார வேகம் ஒன்று, மாதக்கணக்கில் ஒரு ஆல்பம் கைமாறிக் கைமாறிப் போவது இன்னொன்று.

பழையகேசட் ஐயாவுக்கும் ஒன்று. துணிச்சல் எங்கே என்று கேட்டீர்கள். கடைசிப் பாட்டு 'இன் த நைட்சைடு ஆஃப் ஈடன்' கேளுங்கள். வேகத்தைக் குறைத்து, ரிஃபை இழுத்து இழுத்து அடிக்கிறார்கள். 'வீனஸ் டூம்' அந்தப் பாட்டிலிருந்துதான் கிளம்புகிறது.

தாளக்கட்டு:
எல்லோரும் கிட்டாரையும் குரலையும் பற்றியே பேசுகிறீர்கள். டிரம்ஸ் பக்கம் வாருங்கள். டிரம்ஸ் வாசிக்கும் காஸ் லிப்ஸ்டிக் மேடையில் எவ்வளவு பலமாக அடிப்பார் என்று நேரடிப் பதிவுகளில் பார்க்கலாம். 'டார்க் லைட்'டில் அவருடைய ஸ்நேர் டிரம் சத்தத்தை ஒவ்வொரு அடியும் ஒரே அளவில் இருக்கும்படி சீராக்கிவிட்டார்கள். 'ட்ரங்க் ஆன் ஷேடோஸ்' வேகமான பாட்டு, ஆனால் மனுஷன் வியர்த்து அடிக்கிற உணர்வு வரவில்லை. நான் மூன்றாவதுதந்தி பக்கம்.

பழையகேசட்:
'நைட்சைடு' பற்றிச் சொன்னது சரி. ஆல்பத்திலேயே எனக்குப் பிடித்தது அதுதான், அதை நான் மறுக்கவே இல்லை. அதனால்தான் கோபமும் வருகிறது. இப்படி ஒரு பாட்டு எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பத்தாவது இடத்தில் போய் ஒளித்து வைப்பானேன்? அதைத் தூக்கி ஐந்தாவதாக, தலைப்புப் பாட்டு இருக்கிற இடத்தில் போட்டிருந்தால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரு நடுமுதுகு கிடைத்திருக்கும். 'ப்ளே டெட்'டோடு முடித்திருக்கலாம்.

நள்ளிரவுச்சூரியன்:
ஐயா, அப்படி மாற்றிப் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். 'நைட்சைடு' நடுவில் வந்ததும் அதற்கு அடுத்த பாட்டு இளைத்துப்போய் நிற்கிறது. 'ப்ளே டெட்' கடைசியில் வந்தால் வழக்கமான பியானோ முடிவாகிவிடுகிறது. இருக்கிற வரிசையில் 'ப்ளே டெட்' எல்லாச் சத்தத்தையும் அடக்கிவிட்டுப் போகிறது, அந்த அமைதிக்குப் பிறகு வருவதால்தான் 'நைட்சைடு' ரிஃப் அவ்வளவு கனமாக இறங்குகிறது. ஒன்பது பாட்டு பொறுத்திருந்து அந்தக் கனத்தை எடுக்கிறார்கள். நீங்கள் தேடுகிற துணிச்சல் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

மூன்றாவதுதந்தி:
அந்த ஒரு ரிஃபுக்காக நானும் இன்றைக்கு முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்கிறேன். லிண்டே இன்னும் கொஞ்சம் முன்னால் இருந்திருக்கலாம் என்பதில் மட்டும் அசையமாட்டேன்.