தாத்தாவின் மெடலில் ‘ஐ.இ.’ என்று இருக்கிறது: எந்தப் புத்தகத்தில் தேடுவது?

பட்டர்வொர்த் பேரன்:

வணக்கம். என் அப்பாவழித் தாத்தா வட ஆற்காட்டுக்காரர். பட்டாளத்தோடு மலாயா வந்தவர். சண்டை முடிந்து ஊருக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, பாட்டியோடு ரஜூலா கப்பலில் திரும்பி வந்து இங்கே ரயில்வேயில் சேர்ந்தார். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

போன மாதம் அத்தை வீடு மாறும்போது ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது. உள்ளே ரிப்பன் போன இரண்டு நட்சத்திர மெடல்கள், ஒரு வட்ட மெடல், கரையான் தின்ற ஒரு காகிதம். காகிதத்தில் மிச்சம் இருப்பது பாதி ஊதா முத்திரையும் ‘பெங்களூர்’ என்ற ஊர்ப்பெயரும்தான். ஒரு நட்சத்திரத்தில் ‘பசிபிக் ஸ்டார்’ என்று போட்டிருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ குத்தியிருக்கிறார்கள்: முதலில் ஓர் எண், படிக்க முடியவில்லை, பிறகு ‘எஸ்.பி.ஆர்.’, தாத்தா பெயர், கடைசியில் ‘ஐ.இ.’.

தாத்தா பாலத்துக்கு வெடி வைக்கிறவர், பேராவில் ஒரு பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசி ஆளாக ஓடிவந்தார் என்பது அப்பா சொல்வது. அத்தையோ, அவர் நேதாஜி படையில் இருந்தவர் என்கிறார். வருஷா வருஷம் தீபாவளிக்கு முறுக்கோடு இந்தச் சண்டையும் உண்டு.

ரெஜிமெண்ட் வரலாறு என்று ஒரு மறுபதிப்பை 180 ரிங்கிட் கொடுத்து வரவழைத்தேன். எந்த அதிகாரி எப்போது லீவில் போனார் என்பதெல்லாம் இருக்கிறது. தமிழ்ப் பெயர் என்று பார்த்தால் சுபேதார்கள் நாலைந்து பேர். கடைசி அத்தியாயத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, புத்தகம் தாத்தா பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. வேறு எங்கே தேடுவது?

செராஸ் பெரியவர்:

தம்பி, எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பாலம் போடுவது, தகர்ப்பது போன்ற வேலை செய்யும் சிப்பாய். ஐ.இ. என்றால் இந்தியன் இஞ்சினியர்ஸ். அதில் பெங்கால், பம்பாய், மதராஸ் என்று மூன்று சாப்பர் பிரிவுகள். வட ஆற்காட்டு ஆள், பெங்களூர் முத்திரை என்றால் மதராஸ் சாப்பர்ஸ்தான், சந்தேகம் வேண்டாம். அந்தப் பிரிவுக்காரர்களுக்குப் பட்டாளத்தில் பட்டப்பெயரே ‘தம்பி’.

சாப்பர்கள் வரலாறு என்று விபார்ட் எழுதியது 1881–83ல் வந்தது. நீங்கள் வாங்கியது அதுவாக இருந்தால் அலமாரியில் வையுங்கள். உங்களுக்கு வேண்டியது சாண்டஸ் எழுதிய ‘தி இந்தியன் இஞ்சினியர்ஸ் 1939–47’. 1956ல் புனே பக்கம் கிர்க்கியில் வெளிவந்தது. அந்த மனுஷன் முதல் உலகப்போரில், இன்றைய ஈராக்கில் உள்ள கூட் நகர முற்றுகையில் பிடிபட்டுத் துருக்கியரிடம் கைதியாக இருந்தவர். சண்டை தெரிந்தவர் எழுத்து. அப்புறம், இந்திய-பாகிஸ்தான் கூட்டு வரலாற்றுப் பிரிவு 1960ல் கொண்டுவந்த தென்கிழக்காசியப் போர் 1941–42 தொகுதி.

ஆனால் இவற்றில் தாத்தா பெயரைத் தேடாதீர்கள். எழுதியவர்கள் அதிகாரிகள், படித்தவர்களும் அதிகாரிகள். சாதாரண சாப்பர் பெயர் வர வேண்டுமென்றால் வீரப்பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். தேட வேண்டியது கம்பெனி எண். எந்த ஃபீல்டு கம்பெனி எந்த டிவிஷனோடு, எந்தத் தேதியில், எந்த ஆற்றங்கரையில் நின்றது என்பதற்குத்தான் புத்தகம். ஒன்று சொல்கிறேன்: 1942 ஜனவரி 7 அன்று பேராவின் ஸ்லிம் ரிவரில் ஜப்பான் டாங்கிகள் வந்த வேகத்தில் அங்கிருந்த பாலம் தகர்க்கப்படாமலே அவர்கள் கைக்குப் போய்விட்டது. எனவே தாத்தா உடைத்தது அது இல்லை.

கம்பெனி எண் மெடலில் இருக்காது. மதராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர் மதராஸ் இஞ்சினியர் குரூப்; பெங்களூரில் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். சர்வீஸ் எண் முக்கியம். வெறும் பெயரை அனுப்பினால் அதே பெயரில் எத்தனை முனுசாமி, எத்தனை கோவிந்தசாமி! கம்பெனி தெரிந்த பிறகு லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 வரிசையைப் பாருங்கள். தென்கிழக்காசியப் படைகளின் போர் நாட்குறிப்புகள் அதில்தான்.

எண் விஷயத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தா 13வது மதராஸ் காலாட்படை. 13 என்று தேடினால் ராஜபுத்திரப் படை வந்து நிற்கிறது! 1903ல் தலைமைத் தளபதி கிச்சனர் மதராஸ் படைகளின் எண்ணோடெல்லாம் 60ஐக் கூட்டிவிட்டார். 13 என்பது 73 ஆகி, 1922ல் மறுபடி மாறி 3வது மதராஸ் ரெஜிமெண்டின் முதல் பட்டாளமாகிவிட்டது. இது புரிய எனக்கு இரண்டு வருஷம்.

ஆயர் ஈத்தாம் அக்கா:

தம்பி, முதலில் மெடலில் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். என் மாமா அப்படித்தான் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார்; பெயர் போயே போய்விட்டது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில், மேசையோடு படுக்க வைத்த மாதிரி பிடியுங்கள். மெடலை மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் எழுத்துக்குள் நிழல் விழும். அந்த நொடியில் படம் எடுங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் தாத்தா இருக்க மாட்டார், அது இறந்தவர்களுக்கு. ஆனால் 1941 டிசம்பர், 1942 ஜனவரி என்று போட்டு மதராஸ் சாப்பர்களைத் தேடுங்கள். தைப்பிங், சிங்கப்பூர் கிராஞ்சி போர்க் கல்லறைகளில் உள்ள பெயர்களோடு கம்பெனி எண் பல இடங்களில் இருக்கும். மலாயாவில் எந்தெந்தக் கம்பெனி இருந்தது என்று ஓரளவு பிடிபடும்.

உங்கள் அப்பா, அத்தை இருவருமே சரியாக இருக்கலாம். மலாயாவில் நின்ற தரைப்படைக்குப் பசிபிக் ஸ்டார் கணக்கு 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை. சிங்கப்பூர் விழுந்து இரண்டாம் நாள், 17ஆம் தேதி, ஃபாரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஐ.என்.ஏ., அதாவது பிறகு நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவம், பற்றிய பேச்சு தொடங்கியது அந்தத் திடலில்தான். பாலம் முதலில், நேதாஜி பிறகு. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன, பாருங்கள்.

பட்டர்வொர்த் பேரன்:

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அத்தை டார்ச் பிடிக்க, நான் திருப்ப, எண் தெரிந்துவிட்டது. கடைசி இலக்கம் மட்டும் 3ஆ 8ஆ என்று புரியவில்லை. அத்தை 8 என்கிறார். மறுநாள் போட்டோ பார்த்த அப்பா, எதிர்பார்த்தபடியே, 3 என்கிறார். இரண்டையும் போட்டுப் பெங்களூருக்கு எழுதப்போகிறேன். கடிதத்தில் நேதாஜியையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அத்தை நிற்கிறார். அதை டெல்லிக்குத் தனியாக எழுதுவதாகச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.