வீட்டுக் கடனுக்கு வரிப் பதிவைப் பார்க்க ஒப்புதல்: எதுவரை கொடுக்கலாம்?

தக்கலை வாசகி

5 சென்ட் நிலத்தில் வீடு கட்டுவதற்காக நானும் என் கணவரும் ஒரு நிறுவனத்தில் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். எங்கள் கடையின் மூன்று ஆண்டு வரிக்கணக்கு நகல்களைக் கொடுத்த பிறகும், வீட்டுக்கு வந்த முகவர், வருமானவரித் துறையிடம் உள்ள எங்கள் பதிவை நிறுவனம் பார்ப்பதற்கான ஓர் ஒப்புதல் படிவத்தை நீட்டி, வருமானவரி இணையதளத்தின் கடவுச்சொல்லையும் கேட்டார். எந்த ஆண்டுகள், என்ன நோக்கம் என்று எழுத வேண்டிய கட்டங்கள் காலியாக இருந்தன. கையெழுத்திட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நான் கையெழுத்திடவில்லை. இது தவறா?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள் சகோதரி; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒப்புதலை மறுப்பது சரியன்று. நான் பணியில் இருந்தபோது, வெவ்வேறு பெயர்களில் வந்த இரண்டு வரிக்கணக்கு நகல்களில், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஒப்புகை எண் ஒன்றாகவே அச்சாகியிருந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து, துறையின் பதிவோடு ஒத்துப் பார்க்காத எந்த நகலையும் நான் நம்பியதில்லை. சம்பளக்காரருக்கு முதலாளி தரும் வரிப்பிடித்தச் சான்றிதழ் (படிவம் 16 என்று வழங்கிவந்தது) இருக்கிறது. கடைக்காரரோ 1961-ம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் சிறு வணிகர்களுக்கென இருந்த 44ஏடி பிரிவின்கீழ் விற்றுமுதலில் 8 சதவீதத்தை, வங்கி வழி வரவானால் 6 சதவீதத்தை, இலாபமாகக் காட்டிவிட்டுக் கணக்குப் புத்தகமே இல்லாமல் இருக்கலாம். அவருடைய வருமானத்தை வேறு எதைக் கொண்டு உறுதிசெய்வது? கூட்டிக் காட்டிய வருமானத்துக்குக் கிடைத்த கடன், தவணை கட்ட முடியாமல் வீட்டை ஏலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குலசேகரம் ரப்பர் விவசாயி

ஐயா, துறையின் பதிவுதான் அளவுகோல் என்றால் எங்கள் நிலை என்ன? ரப்பர் மரத்தில் பால் வெட்டி விற்கும் வருமானம் வேளாண் வருமானம். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 10(1) பிரிவு அதற்கு வரிவிலக்குத் தந்தது. வேறு வருமானம் இல்லாதவருக்குப் பொதுவாகக் கணக்குத் தாக்கல் செய்யும் தேவை எழாது. இலையுதிர் காலத்தில் பால் குறைவதும், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் வெட்டு நின்றுபோவதும் எந்த வரிப் பதிவிலும் வராது. ரப்பர் வாரிய உரிமம் பெற்ற வியாபாரியின் ரசீதையும் வங்கி வரவையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கள் ஆண்டு வருமானம் விளங்கும்.

தக்கலை வாசகி

நான் சரிபார்ப்பையே மறுக்கவில்லை ஐயா. அமெரிக்காவில் வீடு வாங்கிய என் தம்பி, கடன் கொடுப்பவர் வரித்துறையிடமிருந்து பதிவைப் பெற அங்கே பயன்படும் 4506-சி என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டதாகச் சொன்னான். கடவுச்சொல் கேட்பதில்லை, எந்த ஆண்டுகளின் பதிவு வேண்டும் என்பதை அதிலேயே எழுத வேண்டும், கையெழுத்திட்ட 120 நாள்களுக்குள் வரித்துறைக்குப் போய்ச் சேராவிட்டால் அது செல்லாது, உரிய இடங்களை நிரப்பாமல் கையெழுத்திடாதீர்கள் என்று படிவமே எச்சரிக்கிறது. நான் கேட்பதும் அவ்வளவே. நம் நாட்டின் 2023-ம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் அதற்குத் தேவையான தரவுக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

காலிக் கட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நானே அப்படிப் பல படிவங்களை வாங்கியிருக்கிறேன், அது பிழைதான். எனினும், கடன் பெற்ற பின் ஒப்புதலைத் திரும்பப் பெறுவோம் என்ற வாதம் எழுந்தால் அதை எதிர்ப்பேன். குலசேகரத்து நண்பருக்கு ரசீது வழியே சரி. ஆனால் அந்த ரசீதையும் யாராவது சரிபார்த்தாக வேண்டும்.

தக்கலை வாசகி

மூன்று ஆண்டுகளையும், "இந்தக் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்" என்ற வரியையும் என் கையாலேயே எழுதி, இன்று காலை கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். நகல் ஒன்று என் பீரோவில் இருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை, முகவரும் மறுபடி கேட்கவில்லை.