பொருள்: 'வேக் விண்டோ' – விழிப்புச் சாளரமா, தூக்கப்பதமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கான கையேட்டின் சொற்பட்டியலைப் பார்த்தேன். 'நேப்' என்பதற்குக் 'குட்டித்தூக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல சொல். 'கோழித்தூக்கம்' உட்கார்ந்த வாக்கில் கண்ணசரும் பெரியவர்களுக்குத்தான் பொருந்தும். 'சிறுதுயில்' பாட்டில் அழகாக இருக்கும், கிராமத்துச் செவிலியர் வாயில் வராது. என் வருத்தமெல்லாம் அடுத்த வரியில்தான்.

> வேக் விண்டோ – விழிப்புச் சாளரம்

ஒரு தூக்கம் கலைந்ததிலிருந்து அடுத்த தூக்கம் வரை பிள்ளை அலுத்துப்போகாமல் விழித்திருக்கக்கூடிய நேரம். சொல்ல வந்தது இவ்வளவுதான். மேலூர்ப் பக்கம் தாய்வீட்டில் நாலு மாதமாக இரட்டைப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்தச் சொல்லை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "சன்னலைச் சாத்தணுமா?" என்று எழுந்துபோனார். அம்மா மேல் தவறில்லை. அந்தச் சன்னல் ஆங்கிலப் பேச்சுவழக்கில் உள்ளது, நம் பேச்சில் இல்லை. இதே கருத்துக்கு அடுப்படியிலும் வயலிலும் தினமும் புழங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: பதம்.

அப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. மழை பெய்த மறுநாளிலிருந்து காலையும் மாலையும் போய் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். "ஒட்டுனா இன்னும் ஆகல. பொலபொலன்னு உதிர்ந்தா ஏர் பூட்டலாம். விட்டுட்டா இறுகிப்போகும், கட்டி கட்டியாத்தான் பேரும்" என்பார். பிள்ளைத் தூக்கமும் அச்சு அசலாக இதுதான். முந்திப் படுக்கவைத்தால் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டு கிடக்கும். பிந்தினால் முதுகை வில்லாக வளைத்து வீறிடும். அப்புறம் தோளில் போட்டு முற்றத்தில் அரைமணி நடந்தாலும் அடங்காது.

என் பெரியவள் கண்ணைக் கசக்குவாள், கொட்டாவி விடுவாள், யாருக்கும் புரியும். சின்னவன் அப்படியில்லை. பேச்சுக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு உத்தரத்தையே வெறிப்பான். அந்த நேரத்தில் உற்றுப் பார்த்தால் இரண்டு புருவத்தைச் சுற்றியும் லேசாகச் சிவந்திருக்கும். அதுதான் அவன் பதம். கொட்டாவிக்குக் காத்திருந்தால் தப்பிவிடும். முதல் இரண்டு மாதமும் அக்காளைப் பார்த்தே இருவரையும் படுக்கவைத்து, அவனைத் தினமும் அழவைத்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாக இருக்கலாம், இரட்டையருக்கு ஆகாது.

'தூக்கப்பதம்' என்று வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். 'ஓவர்டயர்ட்' என்பது பதம் தப்பிய பிள்ளை. 'டிரவுசி பட் அவேக்', அதாவது கண் சொக்கியும் இன்னும் தூங்காத நிலை என்று நாலு வரியில் விளக்கியிருப்பது, பதத்தில் படுக்கவைத்தல். 'ஈரப்பதம்' பாடப் புத்தகத்திலேயே இருப்பதால் சொல்லின் அமைப்பும் புதிதல்ல.

மேலூரிலிருந்து,
அன்புடன்

---

அன்பு மகளுக்கு,

'தூக்கப்பதம்' காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். பதம் என்பது நிலை. 'வேக் விண்டோ' என்பது கால அளவு. "ஒன்றே கால் மணி" என்பதைப் பதம் என்று எப்படி எழுதுவது, அம்மா? 'விழிப்புப் பொழுது' என்று வைத்தால் என்ன? சிறுபொழுது, பெரும்பொழுது என்று காலத்தைப் பகுத்த மொழி நம்முடையது. இன்னொன்று, கத்தி விரலைப் 'பதம் பார்த்தது' என்றும் சொல்கிறோமே.

நாற்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்த பழக்கத்தில் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

மதுரை, தல்லாகுளத்திலிருந்து

---

ஐயா, வணக்கம்.

நீங்கள் பிரித்துக் காட்டியது சரி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியது என் பிழை. நேரத்துக்கு 'விழிப்புப் பொழுது' இருக்கட்டும், நிலைக்குத் 'தூக்கப்பதம்' இருக்கட்டும். ஆனால் கையேட்டில் பதம் முன்னால் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் சொல்கிறேன்.

என் பிள்ளைகள் 36 வாரத்தில் பிறந்தவர்கள். இரட்டையரில் பலர் இப்படிக் குறைமாதத்தில்தான் பிறக்கிறார்கள். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைகிறதோ அதை வயதில் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்படிப் பார்த்தால் 16 வாரப் பிள்ளைகள் எனக்கு 12 வாரப் பிள்ளைகள். நாலு மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டத்தில் போட்ட பொழுதைப் பார்த்து விழிக்கவைத்திருந்த நாளெல்லாம் வீணாய்ப் போனது. இப்போது எங்கள் வீட்டில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் பதம் வந்துவிடுகிறது. கடிகாரம் எப்போது பார்க்கத் தொடங்கலாம் என்று சொல்லும், எப்போது படுக்கவைக்கலாம் என்பதைப் பிள்ளையின் முகம்தான் சொல்லும்.

'பதம் பார்த்தல்' பற்றி: சோற்றுக்கும் பாகுக்கும் பதம் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கத்தி நினைவுக்கு வராது, ஐயா.

ஒரு சொல் இன்னும் பாக்கி. ஒருத்தி எழுந்ததும் கால்மணிக்குள் மற்றவனையும் மெல்ல எழுப்பி, இருவருக்கும் பாலூட்டி விளையாட விட்டால், அடுத்த பதம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. யாருக்கு முந்துகிறதோ அவரை முதலில் படுக்கவைக்கிறேன். பத்து நாளாக, மதியத் தூக்கமாவது ஒன்றாக அமைகிறது. நானும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுகிறேன். இதற்குப் 'பதம் சேர்த்தல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கையேட்டில் 'கிரிப்' (பிள்ளைக்கான தடுப்புக் கட்டில்) வரும் இடமெல்லாம் 'தூளி' என்று மாற்றியிருப்பதையும் திருத்த வேண்டும். பழைய சுங்குடிச் சேலையில் கட்டிய தூளிகள் எங்கள் வீட்டிலும் தொங்குகின்றன. ஆனால் தூளியில் பிள்ளையின் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சு தடைப்படலாம். மருத்துவர்கள் சொல்வது மட்டமான, அமுங்காத படுக்கை, மல்லாக்கப் படுக்கவைப்பது, இரட்டையரானாலும் ஆளுக்கொரு படுக்கை. அங்கே 'படுக்கை' என்ற சொல்லே போதும், 'தூளி' வேண்டாம்.

மூன்று சொல்லுக்கும் மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

மேலூரிலிருந்து,
அன்புடன்